தூங்குற வூடு

நாராயணப்பன் வாடகைக்குக் கட்டிவிட்டிருக்கும் லைன் வீடுகளில் கடைசி வீட்டுக்கு அந்தப் பெயரை வைத்தவள் பக்கத்து வீட்டுப் பவளம். ‘தூங்குற வூட்டுக்காரங்க’ என்றால் கெலமங்கலம் ரோட்டு மளிகைக்கடை வரைக்கும் தெரியும். எபினேசர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, களியைத் தின்றுவிட்டுப் படுத்தானென்றால் பொழுது இறங்கும்வரை அந்த ஒற்றை அறையில் ஈ பறக்கும் சத்தம்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்கக்கூடாதென்று அவன் பெண்டாட்டி ஜெபசீலி பக்கெட்டுக்குள் ஒரு பழைய துணியைப் போட்டுவைத்திருப்பாள். குக்கர் இருந்தது, விசில் போட்டதில்லை. கதவுக் கீலுக்குத் தவறாமல் தேங்காய் எண்ணெய். கரண்டியைத் தட்டின்மேல் வைக்கமாட்டார்கள். அம்மாவும் மகள் லிபியாவும் பேசிக்கொள்ளக் கையும் புருவமும் போதும்.

“உங்க வூட்ல சண்டை எப்பிடிப் போடுவீங்க ஜெபசீலி? கையாலயேவா?” என்பாள் பவளம்.

“அதுக்குத்தான் ரோஸ் பண்ணைக்குப் போறேன். அங்க மேஸ்திரிகிட்ட போட்டுட்டு வந்துருவேன்.”

எபினேசருக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து, இரவு முழுக்க அதே வேலை. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் நைட் அவன் தலையிலேயே விழுந்துவிட்டது. பெர்மனென்ட்காரர்கள் பகலை எடுத்துக்கொண்டார்கள். பிரஸ்ஸில் நிற்பவனுக்குத் தூக்கம் என்பது ஓய்வல்ல, கை. தூங்காமல் போய் நின்றால் கண் பார்த்ததைக் கை கேட்காது. அவனுடைய இடது ஆள்காட்டி விரல் பாதியோடு நிற்பது அப்படி நின்ற ஒரு ராத்திரியால்தான். அப்போது காலால் மிதிக்கிற பழைய மெஷின். இப்போது சென்சார் வைத்திருக்கிறார்கள், கை உள்ளே இருந்தால் மெஷின் நின்றுவிடும். சென்சார் மெஷினை நிறுத்தும், போன விரல் வருமா?

அந்தச் சனிக்கிழமை லிபியாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்ட புதிது. படுத்திருந்த அப்பன் தலைமாட்டில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகம் முழுவதையும் மறுபடி மறுபடி கத்திக் கத்திப் படித்தாள். அன்று ராத்திரிதான் விரல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஜெபசீலி, வயிற்றெரிச்சலில், “அந்த மனுசனைத் தூங்க வுட்டியாடி நீ?” என்று கேட்டாள். ஒரே தடவை. அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டு படி என்று யாரும் பிள்ளையிடம் சொல்லவில்லை. அவளே மூடிக்கொண்டாள்.

இப்போது பன்னிரண்டாவது. மார்ச்சில் பொதுத்தேர்வு. நர்சிங் படிக்க வேண்டுமென்று லிபியாவுக்கு ஆசை, அதைவிட ஜெபசீலிக்கு. மார்க் வரவில்லையென்றால் இருக்கவே இருக்கிறது கம்பெனி. செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனிக்காரர்கள் ப்ளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளைப் பஸ் வைத்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். எதிர்வீட்டு வெள்ளையம்மாவின் மகள் போய் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சோறுகூடத் தின்னாமல் தூங்குகிறாள். “ஒரு தூங்குற வூடு போதும். என் பொண்ணு இன்னொன்னு வெக்க வேணாம்” என்று ஜெபசீலி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லிபியா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். முழங்காலில் புத்தகம். உதடு மட்டும் அசையும். பென்சிலால் கோடு போடுவாள், அதன்மேல் இன்னொரு கோடு போடுவாள். ஒரே பக்கத்தில் கண் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி எபினேசர் கம்பெனி பஸ் ஏறிய பிறகும் அந்த வீட்டில் சத்தம் பிறக்காது. விடியுமுன் பண்ணை வண்டி வந்துவிடும் என்பதால் ஜெபசீலி சீக்கிரமே படுத்துவிடுவாள். அவள் படுக்காவிட்டாலும் சத்தம் வந்திருக்காது. பழகிப்போன வாய்.

கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சில் வேதம் வாசிக்க லிபியாவின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பெயரைக் கேட்டதிலிருந்து எபினேசருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ்ஸிலிருந்து நேராக வந்து, பனி கொட்டுகிற காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போய் பின்வரிசையில் நின்றான். லிபியா மைக் முன்னால் வந்தாள். புத்தகத்தைத் திறந்தாள். உதடு அசைந்தது. நிறைய நேரம் அசைந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. அப்புறம் போதகரின் மனைவி எழுந்து வந்து, அவள் தோளைத் தட்டி உட்காரவைத்துவிட்டுத் தானே வாசித்தார்.

பிரஸ் சத்தத்தில் எபினேசரின் இடது காது முழுசாகவே போயிருந்தது. வலதில் எந்நேரமும் ஒரு வண்டின் இரைச்சல்.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் சொன்னான்: “நல்லா வாசிச்ச கண்ணு. எனக்குத்தான் இந்தக் காது ஒளுங்கா வாங்கல. அடுத்த வருசம் முன்னாடி வந்து உக்காந்துக்கறேன்.”

ஜெபசீலி மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். கையும் புருவமும் போதுமே. இரண்டு பேரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் அரையாண்டு விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னார்கள். ஜெபசீலிக்கு லீவு கிடையாது. பிப்ரவரியில் வருகிற காதலர் தினப் பூவுக்காகப் பண்ணையில் இலைபோட்டுச் சாப்பிடக்கூட நேரமில்லாத சமயம். விடியுமுன் பூ வெட்டி, முள்ளை உருவி, கட்டுக் கட்டாக அட்டையில் சுருட்டி, விமானத்துக்குப் போகிற வண்டியில் ஏற்ற வேண்டும். அதனால் எபினேசரே போனான். ஷிஃப்ட் முடித்த கண்ணோடு போனான்.

விலங்கியல் எடுக்கிற மேகலா டீச்சர் லிபியாவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார்.

“வீட்ல படிக்கிறாளாங்க?”

“படிக்கிறதா! எந்நேரமும் புக்கும் கையுமாத்தான் டீச்சர் இருக்குது. எங்க வூட்ல டிவி கெடையாது. சத்தமே கெடையாது. பக்கத்து வூட்ல கடுகு தாளிச்சா எங்க வூட்ல கேக்கும். அந்த மாதிரி வெச்சிருக்கறோம்.” சொல்லும்போது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

“அதாங்க கோளாறு” என்றார் டீச்சர். “இந்தப் பொண்ணு கண்ணால மட்டும் படிக்குது. எந்தப் பக்கத்துல எந்தப் படம்னு கேட்டா சொல்லிடும். படத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு கேட்டா வராது. பார்த்துக்கிட்டே இருந்தா தெரிஞ்ச மாதிரிதாங்க இருக்கும். புக்கை மூடினாத்தான் தெரியும், என்ன தங்குச்சுன்னு. மூடி வெச்சிட்டுச் சொல்லணும். தப்பா வந்தாலும் வாய்விட்டுச் சொல்லணும். எங்க நிக்குதோ அங்க தெறந்து பாத்துட்டு, மறுபடி மூடிச் சொல்லணும். மறுநாளு புதுசா ஒண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி நேத்து படிச்சதச் சொல்லணும். கேக்கறதுக்கு ஒரு ஆள் இருந்தா இன்னும் நல்லது. அவங்களுக்குப் புரியணும்னு கூட இல்ல.”

“கேக்கறதுக்கு நாங்க ரெண்டு பேரு இருக்கறோமே டீச்சர்.”

“இருந்து என்னங்க? நான் கேள்வி கேட்டா எந்திரிச்சு நிக்குது. வாய் அசையுது. சத்தம் வர்றதில்ல.”

“அப்படி இல்லீங்களே. கிறிஸ்மஸுக்கு எங்க சர்ச்ல, மைக்ல, அத்தனை பேரு முன்னாடி வாசிச்சுது. இல்ல கண்ணு?”

லிபியா தரையைப் பார்த்தாள். “அப்பா… அன்னிக்கும் வரலப்பா.”

பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் எதையோ கூட்டமாக ஒப்பித்துக்கொண்டிருந்தன. எபினேசர் கையைத் தூக்கி இடது காதைத் தடவினான். பிறகு வலது காதைத் தடவினான். கோளாறு தன் காதில்தான் என்று பத்திரமாக நம்பிக்கொண்டிருந்த ஒரு மனிதனின் முகம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. “சரிங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்தவன் படுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு மகள் வரும்வரை வாசற்படியில் குந்தியிருந்தான்.

“இனிமே சத்தமாத்தான் படிக்கணும்.”

“நீங்க தூங்கணும்பா.”

“தூங்கறேன்.” பையிலிருந்து கம்பெனியில் கொடுக்கும் ஆரஞ்சு நிறக் காதுப் பஞ்சை எடுத்துக் காட்டினான். “பிரஸ்ஸு சத்தத்தையே அமுக்கி வெக்குது. உன்னோட சத்தத்த அமுக்காதா? நீ பாட்டுக்குப் படி. நான் பாட்டுக்குத் தூங்கறேன்.”

“வேணாம்பா. நான் இப்பிடியே…”

“இப்பிடியே படிச்சு எங்க போற? வெள்ளையம்மா மவ ஏறுற பஸ்ஸுக்கா?”

முதல் நாள் வந்தது சத்தமே இல்லை. நெடுநாள் அடிக்காத கைப்பம்பு காற்றை விடுகிற மாதிரி ஒன்று. இரண்டு வரி சொல்வாள், பாயில் கிடக்கிற அப்பனைப் பார்ப்பாள். அசையமாட்டான். மறுபடி இரண்டு வரி. புத்தகத்தை மூடினால் பயமாக இருந்தது. கையை விட்டுச் சைக்கிள் ஓட்டுகிற பயம். இவ்வளவு நாள் படித்ததில் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பது மூடியதும்தான் தெரிந்தது. அழுதாள். திறந்தாள், மூடினாள், சொன்னாள். நேற்றைய பாடத்தை முதலில் சொல்லிவிட்டு இன்றையதை எடுத்தாள். ஓட்டை இருக்கிற இடம் தெரிந்துவிட்டதால் அங்கே மட்டும் திறந்தாள். பொங்கல் தாண்டியதும் குரல் நெஞ்சிலிருந்து வர ஆரம்பித்தது.

பண்ணை வண்டியிலிருந்து இறங்கி வந்த ஜெபசீலி ஒரு சாயங்காலம் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே யாரோ பேசுகிறார்கள். கணீரென்ற குரல். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று கதவைப் பார்த்தாள்.

“உங்க வூட்ல ரேடியோ எப்ப வாங்குனீங்க?” என்று பவளம் தலையை நீட்டினாள்.

“போடி.” முள் கீறிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போகாமல் அந்தப் பாடம் முடியும்வரை நின்றாள்.

பள்ளியில் மேகலா டீச்சர் கேள்வி கேட்டபோது லிபியா எழுந்து பாதி பதில் சொன்னாள். பாதியில் நின்றது. ஆனாலும் சத்தமாகச் சொன்ன பாதி. டீச்சர் ஒன்றும் பாராட்டவில்லை. “மீதி நாளைக்கு” என்றார். நாளைக்குச் சொன்னாள்.

பவளத்தின் புருஷன் மாதேஸ்வரன் அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பிப்ரவரி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எபினேசர் சவரம் பண்ணிக்கொள்ளப் போயிருந்த நேரம் பார்த்து வந்து ஜெபசீலியைக் கூப்பிட்டான்.

“அக்கா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“ஏன்?”

“நின்னுக்கிட்டே தூங்குறாருக்கா. சென்சார்ல மெஷின் நின்னு நின்னு போவுது. கை உள்ளயே இருக்குதாம். சூப்பர்வைசர் பிரதாப் சார் ஒருவாட்டி சும்மா வுட்டாரு. மறுக்கா ஆனா பிரஸ்ஸை வுட்டு எறக்கிருவேன்னாரு. பழைய மெஷினா இருந்தா இந்நேரம் கை இருக்காதுக்கா.”

உள்ளே லிபியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் உட்கார்ந்து அப்பனையே பார்த்தாள். ஒன்று அப்போதுதான் உறைத்தது. எபினேசர் எப்போதும் வலப்பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவான். கேட்கிற காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டால் உலகம் அடங்கிவிடும் அவனுக்கு. இப்போது கொஞ்சநாளாகச் சுவரைப் பார்த்து இடப்பக்கமாகப் படுக்கிறான். கேட்கிற காது மேலே இருந்தது.

பாடத்தை ஆரம்பித்தாள். கிருமி உடம்புக்குள் நுழைகிற பகுதி. பாதி சொல்லிவிட்டு வேண்டுமென்றே நிறுத்தினாள். வெளியே கோழி கொத்துகிற சத்தம். பேசாமல் இருந்தாள்.

“அப்புறம்?” என்றது சுவர்ப்பக்கம்.

லிபியா எழுந்து போய் அவன் கையைப் பிரித்துப் பார்த்தாள். காதுப் பஞ்சு இரண்டும் உள்ளங்கைக்குள் வேர்வையில் நனைந்து கிடந்தன.

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதல் சண்டை நடந்தது. ஜெபசீலி ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தோல் ஒருபக்கம், பருப்பு ஒருபக்கம். பேசப் பேச அவள் பிதுக்கிய வேகத்தில் பருப்பு சுவர்வரைக்கும் போய் விழுந்தது.

“ஒரு வெரலு போனது பத்தலயா உனக்கு? மிச்சத்தயும் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டியா?”

“மெதுவாப் பேசு புள்ள.”

“பேசமாட்டேன்! இத்தனை வருசம் மெதுவாப் பேசி என்னாத்தக் கண்டேன்? பக்கெட்டுக்குள்ள துணி போட்டு, கரண்டிக்குத் துணி போட்டு, பெத்த புள்ள வாய்க்குத் துணி போட்டு! நீ தூங்கோணும்னுதான? படுத்துக்கிட்டுக் கண்ண முழிச்சுக் கெடக்கறதுக்கா?”

சத்தம் கேட்டுப் பவளம் கரண்டியோடு ஓடிவந்தாள். “யாருக்கு என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல, போ. சண்டை போடறோம்.”

“அப்பாடா” என்று பவளம் திரும்பிப் போனாள்.

லிபியா சொன்னாள்: “இனிமே நான் படிக்கலப்பா. நான் கம்பெனிக்கே போறேன். அன்னிக்கும் என்னாலதான் போச்சு. இன்னிக்கும் என்னாலயே போவ வேணாம்.”

எபினேசர் நிமிர்ந்து பார்த்தான். “என்னைக்கு? என்னா போச்சு?”

அவள் அவன் இடது கையைப் பார்த்தாள்.

அவன் பாதி விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டான். “இத நெனச்சுக்கிட்டா இத்தன நாளா இருந்த?” என்றான். “லூசு. அன்னிக்கு நீ தூங்க வுடாம இல்ல. நான் தூங்கல. கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். எங்கப்பனுக்குக் கையெழுத்து வராது. நான் ஏழாவதோட நின்னவன். என் தலைமாட்டுல உக்காந்து என் புள்ள புக்கு படிக்குது. அத வுட்டுட்டு எவன் தூங்குவான்? ஒரு சத்தம் போட்டிருந்தா நீ எந்திரிச்சுப் போயிருப்ப. நான் போடல. அப்புறம் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தேன், உன் சத்தத்தயே காணோம். எங்க போச்சு எங்க போச்சுன்னு… காதும் போச்சு. காது போனதாலதான் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஜெபசீலியின் கை நின்றுவிட்டது. அன்றைக்குத் தான் கேட்ட அந்த ஒற்றை வார்த்தை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மகளைப் பார்த்தாள். பிதுக்கிய பருப்பில் ஒரு பிடி எடுத்து மகள் கையில் வைத்தாள், பச்சையாகவே.

“நைட் எனக்கு வேணாம்” என்றான் எபினேசர். “ஸ்க்ராப் யார்டுல பகலு வேலை இருக்குது. பிரதாப் சாரக் கேக்கறேன்.”

“அது அள்ளிக் கொட்டுற வேலையாச்சே. ஆப்பரேட்டரா இருந்துட்டு…” என்றாள் ஜெபசீலி.

“அள்ளிக் கொட்டுறேன். கை கூடவே வூட்டுக்கு வரும்.”

பிரஸ் ஆப்பரேட்டர் என்ற பெயர் போயிற்று. வருகிற காசும் குறைந்தது. பகலெல்லாம் தகட்டு நறுக்கை அள்ளி வண்டியில் கொட்டினான். ஜெபசீலி பக்கெட்டுக்குள்ளிருந்த துணியை எடுத்துக் காயப்போட்டாள். குக்கரில் விசில் வைத்த அன்று மூன்று பேரும் திடுக்கிட்டார்கள்.

ஆனால் லிபியாவுக்கு வேறொரு கஷ்டம் வந்தது. படிப்பதற்கு லீவு விட்டார்கள். வீடு முழுக்க அவளுக்குத்தான். கத்தலாம், கதவைச் சாத்தலாம். பீரோவுக்கு முன்னால் நின்று ஆரம்பித்தால் இரண்டாம் வரியில் நின்றுவிடுகிறது. யாரும் தூங்காத அறையில் யாருக்குச் சொல்வது? சுருட்டி வைத்த பாயைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். பாய் ‘அப்புறம்?’ என்று கேட்காது. பவளம் வந்து உட்கார்ந்தாள்.

“என்கிட்ட சொல்லு. ஒரு எழவும் புரியாது, ஆனா நல்லாத் தலையாட்டுவேன்.” தலையாட்டிக்கொண்டே தூங்கிப்போனாள்.

அந்த வாரம் சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கியது. நாராயணப்பன் தன் மனைவி லட்சுமியம்மாளிடம் தெலுங்கில் ஒருமுறையும் குடியிருப்பவர்களிடம் தமிழில் ஒருமுறையும் சொன்னார்: “பொழுது சாஞ்சா ஒத்தையில போவாதீங்க. போனா சத்தமாப் பேசிக்கிட்டே போங்க. மனுசன் வர்றான்னு அதுக்குத் தெரிஞ்சா அது ஒதுங்கிப் போயிரும். திடுக்குனு போயி நின்னாத்தான் வம்பு.” அறுத்த கேழ்வரகு போராகக் கிடந்த காடுகள். வாசம் அதுக்கு எட்டாமல் இருக்குமா?

ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கும் லைன் வீட்டுக்கும் நடுவில் தைல மரத்தோப்பு. அன்று சாயங்காலம் எபினேசர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மகள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஸ்வெட்டர் முக்காடு. கையில் புத்தகம் இல்லை.

“நீ எதுக்கு வந்த? யானை சுத்துது.”

“நீங்க ஒத்தையில வருவீங்கல்ல? சத்தமாப் பேசிக்கிட்டே போவணுமாம்.”

“என்னா பேசறது?”

“எனக்குப் பேச இருக்குதுப்பா.”

அவன் முழங்கைவரை இரும்புத் தூள் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் நடந்தார்கள். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. லிபியா நேற்றைய பாடத்தை முதலில் எடுத்தாள். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“கேக்கல கண்ணு. அந்தப் பக்கம் செத்த காது. இந்தப் பக்கம் வா.”

அவள் சுற்றி வந்து வலப்பக்கம் நடந்தாள். ஒரு தரம் வந்த கிருமியை உடம்பு எப்படி மறக்காமல் வைத்திருக்கிறது, மறுபடி அது வந்தால் முன்னைவிட எவ்வளவு சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்கிறது என்று சொன்னாள். நடுவில் தடுக்கியது. திறந்து பார்க்கப் புத்தகம் இல்லை. முதலிலிருந்து சொன்னாள். வந்தது.

“இன்னும் சத்தமா.”

சொன்னாள்.

“இன்னும். யானைக்குக் கேக்கணும்.”

தைல மரத்தோப்பில் நுழைந்ததும் லிபியா கத்தினாள். முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் பின்னால் வருகிறவர்களை யானை மறித்துவிட்டதென்று நினைத்துத் திரும்பி ஓடிவந்தார்கள். எபினேசர் அவர்களுக்குக் கையைக் காட்டினான், ஒன்றுமில்லை, போங்கள் என்று. பாதி விரலும் சேர்ந்து ஆடியது. அவர்கள் போன பிறகும் கையை இறக்கவில்லை. வலது காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டான்.

“அப்புறம்?” என்றான்.